மகளுக்கு எந்தக் கிராமர் பாடசாலை? லண்டனில் புதிதாகத் தேடும் பெற்றோருக்கு

ஊரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இங்கிலாந்தில் கிராமர் பாடசாலைகளில் சேர எழுதும் இலெவன் பிளஸ் பரீட்சை பழகிய விசயமாகத்தான் தெரியும். அதே வயது, அதே பதற்றம், அதே ரியூசன், அதே வெட்டுப்புள்ளிப் பேச்சு. ஆனால் இங்கே நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை கிடையாது. ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுமதி விதி வேறு. சட்டனில் எழுதிய பரீட்சை கிங்ஸ்டனில் செல்லாது. நல்ல புள்ளி எடுத்த பிள்ளைக்கு வீடு தூரம் என்ற ஒரே காரணத்தால் இடம் கிடைக்காமல் போவதும் வருடா வருடம் நடக்கிறது. சித்தியடைவது வேறு, இடம் கிடைப்பது வேறு. இதை முதலே விளங்கிக்கொண்ட பெற்றோர் பாதி அலைச்சலைத் தவிர்த்துவிடுவார்கள்.

கிராமர் பாடசாலை என்றால் அரசு பணத்தில் நடக்கும், கட்டணம் இல்லாத, பரீட்சை வைத்துப் பிள்ளைகளைத் தெரிவு செய்யும் இடைநிலைப் பாடசாலை. இங்கிலாந்து முழுவதிலும் 163 உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புதிதாக ஒன்றைத் திறக்க முடியாது. லண்டனில் 19. அவையும் பார்னெட், பெக்ஸ்லி, புரொம்லி, என்ஃபீல்ட், கிங்ஸ்டன், ரெட்பிரிட்ஜ், சட்டன் ஆகிய ஏழு கவுன்சில்களுக்குள் மட்டும். தமிழர் நிறைய வாழும் ஹரோ, பிரென்ட், ஈலிங், மேர்ட்டன், குரொய்டன், நியூஹாம் எதிலும் ஒன்றுகூட இல்லை. நம்மவர்களில் பலருக்குக் கிராமர் என்றாலே இன்னொரு கவுன்சிலுக்குத் தினமும் போய்வரும் பயணம்தான்.

அந்த 19இல் எட்டு ஆண் பிள்ளைகளுக்கானவை. மகளுக்கு மிஞ்சுவது பதினொன்று. பெண்களுக்கு மட்டும் எட்டு: ஹென்றியேட்டா பார்னெட், செயின்ட் மைக்கேல்ஸ் கத்தோலிக்க கிராமர், டிஃபின் கேர்ள்ஸ், நன்சச், வாலிங்டன் கேர்ள்ஸ், நியூஸ்டெட் வுட், டவுன்லி, வுட்ஃபோர்ட் கவுன்டி ஹை. கலவனாக மூன்று: லட்டிமர், பெக்ஸ்லி கிராமர், சிசில்ஹேர்ஸ்ட் அன்ட் சிட்கப். லண்டன் எல்லையைத் தாண்டினால் பக்கிங்ஹம்ஷயர், ஸ்லவ், கெண்ட், ரெடிங் என்று வாசல்கள் இன்னும் உண்டு.

பெயரை நம்பி இறங்க வேண்டாம். பார்னெட்டில் குயின் எலிசபெத்ஸ் என்ற பெயரில் ஆண்களுக்கு ஒரு கிராமர் இருக்கிறது. குயின் எலிசபெத்ஸ் கேர்ள்ஸ் கிராமர் அல்ல, அங்கே தெரிவுப் பரீட்சையே இல்லை. வட்ஃபோர்ட் கிராமர் ஸ்கூல் ஃபோர் கேர்ள்ஸின் பெயரில் கிராமர் இருந்தாலும், அது இடங்களில் ஒரு பகுதியை மட்டுமே கல்வித் திறனுக்கும் இசைத் திறனுக்கும் ஒதுக்கும் பாடசாலை. மீதியை மற்றப் பாடசாலைகளைப்போல உடன்பிறப்பு, தூரம் முதலியவற்றை வைத்துக் கொடுக்கிறது. ஹரோவில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. பரீட்சையில் தவறினாலும் ஒரு வழி இருக்கலாம்.

முதலில் விதி, பிறகு பெருமை

எந்தப் பாடசாலை சிறந்தது என்று கேட்டுத் தொடங்கினால் பட்டியல் நீளும். எங்கள் வீட்டு முகவரியில் இருந்து எது எடுக்கும் என்று கேட்டுத் தொடங்குங்கள். பட்டியல் மூன்று நான்காகச் சுருங்கிவிடும். ஒவ்வொரு பாடசாலையும் தன் இணையத்தளத்தில் அனுமதிக் கொள்கை என்று ஒரு ஆவணம் வைத்திருக்கும். மகள் இடைநிலையின் முதல் வகுப்பான ஏழாம் ஆண்டில் சேரும் வருடத்துக்குரிய ஆவணத்தையே திறக்க வேண்டும். போன வருடத்தினதை வாசித்துவிட்டு முடிவெடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. எல்லைப் பகுதியும் தெரிவு வரிசையும் மாறக்கூடியவை.

விதிகளைப் பெரும்பாலும் மூன்று மாதிரியாகப் பிரிக்கலாம். முதலாவது மாதிரியில் புள்ளி வரிசைதான் எல்லாம். கூடிய புள்ளியில் இருந்து கீழே இறங்கி இடம் நிரம்பும்வரை எடுப்பார்கள். அங்கே சித்திப் புள்ளி என்று நிலையான ஒன்று இல்லை, அந்த வருடம் எழுதிய பிள்ளைகளைப் பொறுத்து வெட்டுப்புள்ளி ஏறி இறங்கும். இரண்டாவது மாதிரியில் ஒரு நிலையான புள்ளியைத் தாண்டினால் தகுதி, அதற்குமேல் எவ்வளவு எடுத்தாலும் பொதுவாக வித்தியாசம் இல்லை. பக்கிங்ஹம்ஷயரில் அந்தப் புள்ளி 121, ஸ்லவ்வில் 111. தகுதி பெற்றவர்களுக்குள் யாருக்கு இடம் என்பதைப் பெரும்பாலும் எல்லைப் பகுதியும் தூரமும் தீர்மானிக்கும். மூன்றாவது மாதிரி இரண்டும் கலந்தது. ரெட்பிரிட்ஜில் உள்ள வுட்ஃபோர்ட் கவுன்டி ஹை, கச்மென்ட் என்று சொல்லப்படும் எல்லைப் பகுதிக்குள் இருப்பவர்களைப் புள்ளி வரிசையில் முதலில் எடுக்கும். பெக்ஸ்லியில் பரீட்சை எழுதியவர்களில் முதல் 180 பேருக்கு அந்தக் கவுன்சிலின் கிராமர்களில் அவர்கள் விரும்பும் ஒன்றில் இடம் உறுதி. தகுதி பெற்ற மற்றவர்கள் அந்தந்தப் பாடசாலையின் வழக்கமான விதிக்குள் வருவார்கள்.

இதில் இருந்து ஒரு எளிய கணக்குச் செய்யலாம். ஹரோவில் வசிக்கும் ஒரு பிள்ளை பக்கிங்ஹம்ஷயர் பரீட்சையில் 121 எடுத்தால் அவள் தகுதி பெற்றவள். ஆனால் லிட்டில் சல்ஃபொன்ட்டில் உள்ள டொக்டர் சலனர்ஸ் ஹை, தன் எல்லைப் பகுதிக்குள் இருக்கும் பிள்ளைகளை முதலில் எடுத்த பிறகே வெளியே பார்க்கும். எத்தனை பேரை, எவ்வளவு தூரம்வரை எடுத்தார்கள் என்பதைப் பக்கிங்ஹம்ஷயர் கவுன்சில் வருடந்தோறும் வெளியிடுகிறது. கடந்த மூன்று வருட விபரத்தை ஒரு தாளில் எழுதி, உங்கள் வீட்டுத் தூரத்தைப் பக்கத்தில் போடுங்கள். பொதுவாக அளப்பது வீட்டில் இருந்து பாடசாலைக்கு நேர்கோட்டுத் தூரம். கைத்தொலைபேசியில் கார் ஓடும் பாதையைப் பார்த்துக் கணக்குப் போட்டால் பிழைக்கும். பாதைத் தூரத்தை அளக்கும் இடங்களும் இருப்பதால், எந்தத் தூரம் என்பதை ஆவணத்தில் உறுதிப்படுத்துங்கள்.

முகவரி விசயத்தில் விளையாட வேண்டாம். பாடசாலைக்கு அருகில் ஆறு மாதத்துக்கு ஒரு பிளாட் எடுத்து, சொந்த வீட்டை அப்படியே வைத்திருப்பவர்களைக் கவுன்சில்கள் தேடிப் பிடிக்கின்றன. கவுன்சில் வரிப் பதிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது. தவறான தகவல் கொடுத்துப் பெற்ற இடத்தைத் திரும்ப எடுக்க விதி இடம் கொடுக்கிறது. அந்த நேரம் அடி விழுவது பிள்ளைக்கு. உண்மையாகவே வீடு மாறுவதாக இருந்தால், எந்தத் திகதியில் அங்கே குடியிருக்க வேண்டும் என்பதை அனுமதிக் கொள்கையில் பார்த்து அதற்கு முன் மாறுங்கள்.

பலர் தவறவிடும் ஒரு முன்னுரிமை

வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பாடசாலைக்கு அரசு தரும் மேலதிக நிதிக்குப் பியூப்பில் பிரீமியம் என்று பெயர். கடந்த ஆறு வருடங்களில் எப்போதாவது இலவச மதிய உணவுக்குத் தகுதி பெற்றுப் பதிவான பிள்ளை இதற்குள் வருவாள். பல கிராமர் பாடசாலைகள் இந்தப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுக்கின்றன, சில குறைந்த புள்ளியிலும் எடுக்கின்றன.

சிக்கல் இங்கேதான் வருகிறது. 2023 செப்டம்பரில் இருந்து லண்டன் மேயரின் திட்டத்தில் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். சாப்பாடு எப்படியும் கிடைக்கிறதே என்று பெற்றோர் விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். எல்லோருக்கும் கிடைக்கும் உணவு பியூப்பில் பிரீமியம் ஆகாது. வருமானத்தின் அடிப்படையில் கவுன்சிலுக்குத் தனியாக விண்ணப்பித்துப் பதிவாக வேண்டும். பொது நிதி உதவி கிடையாது என்ற நிபந்தனையோடு விசா வைத்திருக்கும் குடும்பங்களும், வருமானம் வரம்புக்குள் இருந்தால் கேட்கலாம். நான்காம் ஆண்டிலேயே பாடசாலை அலுவலகத்தில் மகளின் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று கேளுங்கள். கிராமர் பாடசாலைக்கு இதற்கென்று தனிப் படிவம் அனுப்ப வேண்டியும் இருக்கும், அதற்கு வேறு கடைசித் திகதி.

நாட்காட்டி

பெரும்பாலான பரீட்சைப் பதிவுகள் மகள் ஐந்தாம் ஆண்டில் இருக்கும்போது, ஏப்ரல், மே மாதங்களில் திறக்கும். மூடும் திகதிதான் ஆளைக் கவிழ்ப்பது. கெண்டில் ஜூன் 1 திறந்து ஜூலை 1 மூடுவது வழக்கம். சட்டனில் கோடை விடுமுறைவரை நீளும். ஊருக்குப் போயிருந்தோம், மின்னஞ்சலைப் பார்க்கவில்லை என்று ஓகஸ்ட் இறுதியில் சொன்னால் யாரும் கதவைத் திறக்கமாட்டார்கள். பக்கிங்ஹம்ஷயர் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகப் பதிவாகிவிடும். வெளியில் இருந்து எழுதுபவர்கள் தாங்களே பதிய வேண்டும்.

கூடுதல் நேரம், பெரிய எழுத்து, கண், காது தொடர்பான வசதிகள் தேவை என்றால் பதிவு செய்யும்போதே ஆதாரத்தோடு கேளுங்கள். பிறகு கேட்டால் காலம் போதாது.

பரீட்சைகள் செப்டம்பரில், ஆறாம் ஆண்டு தொடங்கிய கையோடு வரும். அன்று மகளுக்குக் காய்ச்சல் என்றால் அனுப்பாதீர்கள். காலையிலேயே அறிவித்து, வைத்தியரின் கடிதம் எடுத்து, மாற்றுத் திகதி கேளுங்கள். வருத்தத்தோடு போய் எழுதிவிட்டால், சுகமில்லாமல் எழுதினாள் என்று பிறகு சொல்வது பெரும்பாலும் எடுபடாது. முடிவுகள் வழக்கமாக ஒக்டோபர் நடுப்பகுதியில் வரும். இடைநிலைப் பாடசாலை இடத்துக்காகக் கவுன்சிலிடம் கொடுக்கும் பொதுப் படிவத்துக்குக் கடைசி நாள் ஒக்டோபர் 31. இடம் அறிவிக்கும் நாள் மார்ச் 1.

பரீட்சைத் தாள்கள்

பாடசாலைகளை ஒப்பிடும்போது தாள்களையும் ஒப்பிட வேண்டும். மகளின் பலம் எங்கே பொருந்தும் என்பது அதில் தெரியும். டிஃபின் கேர்ள்ஸ் இரண்டு சுற்று வைத்து ஆங்கிலமும் கணக்கும் பார்க்கிறது. முதற்சுற்று தெரிவு விடை, இரண்டாவது எழுதும் தாள். நன்சச், வாலிங்டன் கேர்ள்ஸ் இரண்டுக்கும் சட்டனின் பொதுப் பரீட்சை முதற்சுற்று. அதில் தேறியவர்களுக்கு இரண்டு பாடசாலைகளும் சேர்ந்து வைக்கும் எழுத்துப் பரீட்சை இரண்டாம் சுற்று. ஒரே உழைப்பு இரண்டு பாடசாலைக்குப் பயன்படுவதால் தெற்கு லண்டன் பெற்றோருக்கு இது பெரிய வசதி. கெண்டில் ஆங்கிலம், கணக்கு, தர்க்கம் மூன்றும் உண்டு. மொத்தப் புள்ளி மட்டும் காணாது, ஒவ்வொன்றிலும் குறைந்தபட்சப் புள்ளி எடுக்க வேண்டும். கணக்கில் உச்சம் எடுத்து ஆங்கிலத்தில் சறுக்கிய பிள்ளை அங்கே தவறிவிடுவாள். நன்றாகக் கதை எழுதும், ஆனால் படம் பார்த்துத் தர்க்கம் செய்வதில் திணறும் பிள்ளைக்கு எழுத்துத் தாள் வைக்கும் பாடசாலை பொருத்தம்.

அறிவிக்கும் புள்ளி நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கு அல்ல. வயதைச் சேர்த்துச் சீராக்கியது. செப்டம்பரில் பிறந்தவளும் மறு ஓகஸ்ட்டில் பிறந்தவளும் ஒரே வகுப்பில்தான் இருப்பார்கள். பதினொரு மாதம் இளையவளுக்கு அதே சரியான விடைகளுக்குச் சற்றுக் கூடிய புள்ளி கிடைக்கும்.

பல பரீட்சைகளைத் தயாரிப்பது ஜி.எல். என்ற நிறுவனம். அவர்களின் மாதிரித் தாள்கள் இணையத்தில் இலவசம். புத்தகக் கட்டு வாங்குமுன் அதைச் செய்து பாருங்கள். விடைத்தாள் தனியாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் சின்னச் சின்னப் பெட்டிகள். பென்சிலால் பெட்டியின் குறுக்கே ஒரு கோடு இழுக்க வேண்டும், அதை இயந்திரம் வாசிக்கும். பிள்ளைகள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். பதினேழாம் கேள்வி கஷ்டம் என்று தாண்டிப்போய், பதினெட்டின் விடையைப் பதினேழின் வரிசையில் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே ஒரு படி விலகும். பத்து நிமிடம் கழித்துக் கண்டுபிடிக்கும்போது அழுகைதான் வரும். ஐந்து கேள்விக்கு ஒரு தடவை, விரலை வைத்துக் கேள்வி இலக்கத்தையும் வரிசை இலக்கத்தையும் ஒப்பிடப் பழக்குங்கள். மாற்ற வேண்டுமென்றால் முழுதாக அழிக்க வேண்டும். மங்கலாக மிஞ்சிய கோட்டை இயந்திரம் இரண்டாவது விடையாக எடுக்கலாம். பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை என்பதால் கடைசி ஒரு நிமிடத்தில் வெறுமையான எல்லாவற்றுக்கும் கோடு போடச் சொல்லுங்கள்.

நேரம் இன்னொரு பொறி. பழைய மாதிரிச் சொல் தர்க்கத் தாளில் 50 நிமிடத்தில் 80 கேள்வி. கேள்விக்கு 40 வினாடிகூட இல்லை. அதனால் சொல்வளம் இல்லாத பிள்ளை வேகத்தை எவ்வளவு பழகினாலும் தடுமாறும். அதற்கு மருந்து நூலகம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது குறை அல்ல, ஆனால் வயதுக்கு மேலான ஆங்கிலப் புத்தகங்களை மூன்றாம் ஆண்டில் இருந்தே வாசித்தால்தான் சரிக்கட்டும். நான்காம் ஆண்டு முழுவதும் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரியூசனில் போட்டு, தமிழ்ப் பாடசாலையையும் நடனத்தையும் நிறுத்துவது தேவையில்லை. ஐந்தாம் ஆண்டு தொடங்கி ஒழுங்காகக் கிழமைக்கு நான்கைந்து மணித்தியாலம், கோடை விடுமுறையில் நேரம் வைத்து முழுத் தாள்கள், அது போதும். அப்படிச் செய்தும் எட்டவில்லை என்றால் அந்தப் பாடசாலையின் வேகம் அவளுக்கு ஏழு வருடமும் சுமையாகலாம்.

போய்ப் பாருங்கள், பயணம் செய்து பாருங்கள்

திறந்த நாட்கள் கோடைத் தவணையிலும் செப்டம்பர், ஒக்டோபரிலும் நடக்கும். அதிபரின் உரையைவிட, உங்களைச் சுற்றிக் காட்டும் எட்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்பது பயன். கழிப்பறை பாடவேளையில் பூட்டப்படுகிறதா? அதற்காகவே நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. மதிய வரிசை எவ்வளவு நேரம்? கணக்கில் பின்தங்கினால் யார் உதவுவார்கள்? வீட்டுப்பாடம் ஒரு இரவுக்கு எவ்வளவு? ஆசிரியரிடம் கேட்கவேண்டியவை வேறு. மூன்று விஞ்ஞானப் பாடமும் எல்லோருக்கும் உண்டா, கணினியியல் எத்தனை பேர் எடுக்கிறார்கள், பதினோராம் ஆண்டுக்குப் பிறகு எத்தனை பேர் விலகிப் போகிறார்கள், உளவள ஆலோசகர் கிழமைக்கு எத்தனை நாள் வருகிறார். ஆரம்பப் பாடசாலையில் எப்போதும் முதலாவதாக வந்தவள் இங்கே வகுப்பில் இருபதாவதாக நிற்கக்கூடும். அந்த முதல் வருடத்தைப் பாடசாலை எப்படிக் கையாள்கிறது என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

பெண்கள் பாடசாலையா, கலவனா என்பதைக் குடும்பத்தின் கவலையை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். மகளையும் கேளுங்கள். பெண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் பௌதிகமும் கணினியும் எடுக்கத் தயங்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆண் நண்பர்களோடு பந்து விளையாடி வளர்ந்தவளுக்கு லட்டிமர் மாதிரி ஒரு இடமே இயல்பாக இருக்கலாம்.

பெறுபேற்று அட்டவணையில் கிராமர் எல்லாமே மேலே நிற்கும், எடுக்கும்போதே கெட்டிக்காரரை எடுப்பதால். முன்னேற்றத்தை அளக்கும் புரோகிரஸ் 8 என்ற அளவீடுதான் ஒப்பிட உதவுவது. ஆனால் 2020, 2021 ஆண்டுகளில் ஆரம்பப் பாடசாலை இறுதிப் பரீட்சை நடக்காததால் 2025, 2026இல் ஜி.சி.எஸ்.ஈ. என்ற பதினோராம் ஆண்டு இறுதிப் பரீட்சையை எழுதும் பிள்ளைகளுக்கு அது கணிக்கப்படவில்லை. அதற்கு முந்திய வருடங்களைப் பாருங்கள். பாடசாலைகளைப் பரிசோதிக்கும் ஒஃப்ஸ்ரெட்டின் அறிக்கையிலும் 2024 செப்டம்பரில் இருந்து முழுப் பாடசாலைக்கும் சேர்த்து ஒரு சொல் மதிப்பீடு இல்லை, உள்ளே வாசிக்க வேண்டும்.

பயணத்தை ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. பாடசாலை நடக்கும் ஒரு நாளில் காலை ஏழு மணிக்கு மகளோடு பஸ் ஏறுங்கள். எத்தனை மாறல், ஒரு பஸ் தவறினால் அடுத்தது எப்போது, மாறும் இடத்தில் வெளிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். டிசம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்னமே சூரியன் மறைந்துவிடும். லண்டனில் 11 முதல் 15 வயதுக்கான சிப் ஒய்ஸ்டர் அட்டை இருந்தால் பஸ்ஸும் டிராமும் இலவசம், சுரங்க ரயிலுக்குச் சிறுவர் கட்டணம். லண்டனுக்கு வெளியே போனால் வருடாந்தப் பஸ் செலவையும் கணக்கில் எடுங்கள். வாசலில் இருந்து வாசலுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும் பாடசாலையைப் பட்டியலில் கீழே இறக்குவதே நல்லது. அவள் நாடகம், விளையாட்டு, நண்பி வீடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருக்கும்.

படிவத்தை நிரப்புதல்

பரீட்சைக்குப் பதிவது ஒரு வேலை, பொதுப் படிவத்தில் பாடசாலையின் பெயரை எழுதுவது இன்னொரு வேலை. பரீட்சையில் உச்சப் புள்ளி எடுத்தும், படிவத்தில் பெயர் இல்லையென்றால் இடம் இல்லை. படிவம் நீங்கள் வசிக்கும் கவுன்சிலுக்கே போகும். ஹரோவில் இருந்துகொண்டு பக்கிங்ஹம்ஷயர் பாடசாலை கேட்டாலும் ஹரோவின் படிவத்தில்தான். லண்டனில் ஆறு பெயர் எழுதலாம். சில பாடசாலைகள் துணைத் தகவல் படிவமும் கேட்கும். கத்தோலிக்கப் பாடசாலை என்றால் பங்குத் தந்தையின் கையொப்பமும் வேண்டியிருக்கும்.

வரிசை பற்றிப் பரவும் பேச்சுகளைக் கேட்காதீர்கள். நீங்கள் எத்தனையாவதாக எழுதினீர்கள் என்பது பாடசாலைக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் தன் விதிப்படி தனியாகப் பார்க்கும். எடுக்கத் தயாரானவற்றுள் உங்கள் வரிசையில் மேலே உள்ளது மட்டும் கிடைக்கும், கீழே உள்ளவை கழன்றுவிடும். நன்சச்சை உண்மையில் விரும்பிக்கொண்டு, வாலிங்டன் கிடைப்பது சுகம் என்று அதை முதலாவதாகப் போட்டால், இரண்டும் கிடைக்கக்கூடிய பிள்ளைக்கு வாலிங்டன்தான் வரும். உண்மையான விருப்ப வரிசையிலேயே எழுதுங்கள். கிராமர்களை மேலே போடுவதால் பக்கத்துப் பாடசாலையில் உங்கள் வாய்ப்பு எள்ளளவும் குறையாது.

ஆறையும் கிராமரால் நிரப்புவதுதான் பெரிய பிழை. ஒன்றும் கிடைக்காவிட்டால், எல்லோரும் எடுத்து மிஞ்சிய இடத்தில் கவுன்சில் போடும், அது மூன்று பஸ் தள்ளியும் இருக்கலாம். பரீட்சை இல்லாத, கடந்த வருடங்களின் தூரக் கணக்கில் நிச்சயம் உள்ளே வரக்கூடிய ஒரு பாடசாலையைக் கட்டாயம் எழுதுங்கள். அதையும் திறந்த நாளில் மகளோடு போய்ப் பாருங்கள், மரியாதையோடு பேசுங்கள். அங்கே போக நேர்ந்தால் தோற்றுப்போய் வந்ததாக அவள் நினைக்கக்கூடாது.

மார்ச் 1க்குப் பிறகு

லண்டனில் அன்று மாலை மின்னஞ்சல் வரும். கிடைத்த இடத்தை, விருப்பம் இல்லாவிட்டாலும், மார்ச் நடுப்பகுதியில் சொல்லப்பட்ட திகதிக்குள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்பதால் மேலே உள்ள பாடசாலையின் காத்திருப்போர் பட்டியலில் உங்கள் நிலை மாறாது. மறுத்தால் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்க நேரிடும். அந்தப் பட்டியல் முந்தி வந்தவர் வரிசை அல்ல, அனுமதி விதியின் வரிசை. அதனால் புதிதாக ஒருவர் சேர்ந்தால் நீங்கள் கீழேயும் இறங்கலாம். குறைந்தது டிசம்பர் 31வரை அதை வைத்திருக்க வேண்டும். சிலர் தனியார் பாடசாலைக்கும் சிலர் வேறு ஊருக்கும் போவதால் கோடை முழுவதும், செப்டம்பர் முதற்கிழமையிலும்கூட இடம் திறக்கும். தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் மாறினால் உடனே அறிவியுங்கள். மேன்முறையீட்டுக்கு, இடம் மறுக்கப்பட்ட அறிவித்தலில் இருந்து குறைந்தது 20 பாடசாலை நாட்கள் தருவார்கள். தகுதிப் புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காதவர்கள், அந்தப் பாடசாலையில் மட்டும் இருக்கும் பாடத்தையோ வசதியையோ காட்டி ஆதாரத்தோடு வாதாட வேண்டும். தகுதிப் புள்ளிக்குக் குறைவாக எடுத்தவர்கள் ஆரம்பப் பாடசாலையின் மதிப்பீடுகளையும் அதிபரின் கடிதத்தையும் கொண்டுபோக வேண்டும்.

இந்தமுறை கிடைக்காதவர்களுக்கு 16 வயதில், ஜி.சி.எஸ்.ஈ. பெறுபேற்றோடு உயர்தர வகுப்புக்கு வாசல் திரும்பவும் திறக்கிறது. பல கிராமர்கள் அப்போது வெளியில் இருந்து பிள்ளைகளை எடுக்கின்றன. அந்த விண்ணப்பம் பதினோராம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் நேராகப் பாடசாலைக்கே போகும், எந்தப் பாடத்துக்கு எந்தத் தரம் வேண்டும் என்பதை அவரவர் இணையத்தளம் சொல்லும்.